மரக் கேபினெட்டில் மதர்போர்டு: கடற்கரை ஊர் ஒன்றில் நடந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளங்களை ஒட்டிய ஓர் ஊரில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து அவருக்குப் பழைய மேசைக் கணினி ஒன்று கிடைத்தது. எல்.ஜி.ஏ. 1155 வகை ப்ராசஸர், எல்லாப் பாகங்களும் இணையும் தாய்ப்பலகையான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவு மதர்போர்டு, 4 ஜி.பி. ரேம் ஆகியவை கொண்ட அக்கணினியின் உட்பாகங்கள் நல்ல நிலையில் இருந்தன. வெளிக்கூடான கேபினெட்தான் கெட்டிருந்தது. கடைகளில் கிடைக்கும் மலிவான கேபினெட்டுகள் துத்தநாகப் பூச்சுள்ள மெல்லிய இரும்புத் தகட்டால் செய்யப்படுகின்றன. தகட்டை வெட்டிய விளிம்புகளில் அந்தப் பூச்சு இருக்காது. உப்புக்காற்று அந்த விளிம்புகள் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. இந்தக் கேபினெட்டில் அடித்தகடு கையால் தொட்டாலே உதிரும் நிலையிலும், மதர்போர்டைத் தாங்கும் உள்தகடு துருப்பிடித்து உப்பியும் இருந்தன.

புதிய இரும்புக் கேபினெட் வாங்கினாலும் சில ஆண்டுகளில் அதே கதிதான் என்று ஆசிரியர் கருதினார். அந்தக் கருத்தில் நியாயம் இருந்தது. பக்கத்துத் தெருவில் வசிக்கும் தச்சர் ஒருவர் மரத்தில் பெட்டி செய்து தர முன்வந்தார். பாடம் படிக்க வருபவர்களில் பாலிடெக்னிக் மாணவி ஒருவர் உட்பாகங்களைப் பொருத்தும் வேலையை ஏற்றுக்கொண்டார். மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள நான் இடையில்தான் அழைக்கப்பட்டேன். அதற்கு முன் நடந்தவற்றை மூவரும் சொன்னபடியும், கழற்றிப் பார்த்தபோது கண்டபடியும் பதிவு செய்கிறேன்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. வீட்டிலேயே கேபினெட் செய்கிறவர்கள் அதைப் பாகங்களை வைக்கும் பெட்டியாக மட்டுமே நினைக்கிறார்கள். தச்சரும் தொடக்கத்தில், "பெட்டிதானே சார், நாலு திருகு போட்டுப் பிடிச்சா நிக்காதா?" என்றே கேட்டிருக்கிறார். ஆனால் கடைக் கேபினெட்டின் உள்தகடு மதர்போர்டை வளையாமல், ஒரே உயரத்தில், எதன்மீதும் படாமல் நிறுத்துகிறது, கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உலோக உறையோடு சேர்ந்து எர்த் இணைப்பாகவும் இருக்கிறது. மின்காந்த இரைச்சலை உள்ளே அடக்குவதும், காற்று போகும் வழியை வகுப்பதும் அந்தத் தகடும் கூடும்தான். இரும்பை விலக்கி மரத்தை வைக்கும்போது இவை அனைத்தும் ஒரே நேரத்தில் இல்லாமல் போகின்றன. யாராவது ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டித்தர வேண்டியிருக்கிறது. இந்த நிகழ்வு அந்த ஒவ்வொன்றையும் வரிசையாக வெளிக்கொண்டு வந்தது.

முதல் வடிவம்

தச்சர் 12 மி.மீ. பிளைவுட்டைத் தேர்ந்தெடுத்தார். கடலோரத்துக்கு ஏற்றபடி, கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட மரைன் வகையையே எடுத்தார். இந்தியத் தரக் குறியீட்டில் அது ஐ.எஸ். 710 என்ற எண்ணின் கீழ் வருவது. இது சரியான தேர்வு. சாதாரணப் பிளைவுட் மழைக்கால ஈரத்தில் அடுக்கு விட்டுப் பிரியும். உள்ளே திருகிய திருகுகளும் பிடி தளரும்.

பெட்டியின் ஒரு பக்கப் பலகையே மதர்போர்டைத் தாங்கும் பலகையாக அமைந்தது. மதர்போர்டின் துளைகள் வழியாக மரத்திருகுகளைச் செலுத்தி, போர்டுக்கும் பலகைக்கும் இடையில் மின்கம்பி செல்லும் பி.வி.சி. குழாயிலிருந்து வெட்டிய சிறு வளையங்களை வைத்தார்கள். வளையங்களைக் கையால் வெட்டியதால் அவற்றின் உயரம் சீராக இல்லை. ஆனாலும் கணினி இயங்கியது. மரமும் பி.வி.சி.யும் மின்சாரம் கடத்தாதவை என்பதால் ஷார்ட் ஆகும் அச்சம் இல்லை என்று மாணவி கருதினார். அந்த அளவில் அவர் சொன்னது உண்மை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதன் நான்கு பின்புறத் திருகுகளால், பிளைவுட்டில் வெட்டிய சதுரத் திறப்பின் ஓரத்தில் பிடித்திருந்தார்கள். யு.எஸ்.பி., திரை, ஒலி ஆகிய இணைப்பிகள் உள்ள பின்பக்கத்தில் ஒரு நீள்சதுரத் திறப்பு மட்டும் இருந்தது. மதர்போர்டோடு வரும் பளபளப்பான பின்தகடு அதில் பொருத்தப்படவில்லை. அது அழகுக்கான மூடி என்று நினைத்து ஒதுக்கியிருந்தார்கள்.

கையில் உணரப்பட்ட மின்சாரம்

சில வாரங்களுக்குள் இரண்டு குறைகள் தெரிந்தன. முதலாவது, பென் டிரைவைச் செருகும்போது விரல் நுனியில் மெல்லிய கூச்சம் ஏற்பட்டது. வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்றால் அது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது, பென் டிரைவைத் தொட்டபடி செருகும் நேரத்தில் கணினி சில முறை தானாக நின்று மீண்டும் தொடங்கியது. இவற்றோடு, பக்கத்து அறையில் பாட்டி கேட்கும் மத்திய அலை வானொலியில் கணினி ஓடும் நேரமெல்லாம் இரைச்சல் வருவதாகவும் சொன்னார்கள். இந்த மூன்றாவதை யாரும் குறையாகவே எண்ணவில்லை. எனக்கு அதுதான் மிகவும் பயனுள்ள தகவலாகப் பட்டது. கேபினெட் என்ற கவசம் இல்லை என்பதை அது நேரடியாகவே சொல்லிற்று.

கூச்சத்துக்கு நிலைமின்னேற்றமே காரணம் என்று மாணவி எண்ணியிருந்தார். வறண்ட காற்றில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் கடலோரத்தின் ஈரக்காற்றில் உடலில் நிலைமின்னேற்றம் அவ்வளவாகச் சேராது. தவிரவும் நிலைமின் இறக்கம் ஒரு கணத்துச் சுரீர்தான். இங்கே தொட்டிருந்த நேரம் முழுவதும் கூச்சம் நீடித்தது. அது மாறுமின்சாரத்தின் இயல்பு.

டெஸ்டரை யு.எஸ்.பி. இணைப்பியின் உலோக உறையில் வைத்தபோது அதன் விளக்கு மங்கலாக எரிந்தது. டெஸ்டர் மட்டும் போதாது. ஃபேஸ் கம்பி எங்காவது உறையைத் தொட்டிருந்தாலும் அது எரியும், அபாயம் குறைந்த கசிவு மின்சாரத்திலும் எரியும். எனவே நம்பகமான எர்த் ஒன்றுக்கும் உலோக உறைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்தேன். நூறு வோல்ட்டைத் தாண்டியது. பிறகு 47 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை மீட்டருக்குக் குறுக்கே இணைத்து மீண்டும் அளந்தபோது இருபது வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஃபேஸ் கம்பியே பட்டிருந்தால் அந்த மின்தடையால் மின்னழுத்தம் இப்படி விழாது. ஆகவே இது கசிவுதான் என்று முடிவு செய்தேன். மின்சாரத்தில் பயிற்சி இல்லாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கசிவு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து உறைக்கு ஒன்றும், நியூட்ரலிலிருந்து உறைக்கு ஒன்றுமாக இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. உறை எர்த்தோடு இணைந்திருக்கும்வரை அவற்றின் வழியே வரும் மிகச் சிறிய மின்சாரம் நிலத்துக்குப் போய்விடுகிறது. எர்த் அறுந்திருந்தால், இரண்டு மின்தேக்கிகளும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பங்கிட்டு, உறையை ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்க விடுகின்றன. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கறுப்புக் கம்பிகள் உறையோடு இணைந்தவை என்பதால் மதர்போர்டின் தரைப்பகுதியும் (கிரவுண்டும்), யு.எஸ்.பி. உறையும், அதில் செருகிய பென் டிரைவும் அதே மின்னழுத்தத்துக்கு ஏறிவிடுகின்றன. மின்சாரத்தின் அளவு பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, உயிருக்கு ஆபத்தானதல்ல. ஆனால் வேறொரு நாள் ஃபேஸ் கம்பியே உறையில் பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை என்பதன் அறிகுறி அது. பிள்ளைகள் வெறுங்காலோடு வந்து உட்காரும் அறையில் அதைப் பொறுத்துக்கொள்ள இடமில்லை.

எர்த் பற்றி எடுத்த முடிவு

அறையின் சுவர்ப் பிளக்கைக் கழற்றியபோது மூன்றாவது துளையின் பின்னால் கம்பியே இல்லை. பழைய வீட்டில் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் இழுத்த இரண்டு கம்பி வயரிங்கிலிருந்தே அந்தப் பிளக்குக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கணினியின் கேபினெட்டில் எதைச் செய்தாலும் இந்தக் குறை நீங்காது என்பதால், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் எர்த் குழியிலிருந்து புதிய கம்பி இழுக்கும்வரை கணினியைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் தயங்கவில்லை. எர்த் அமைப்பைப் பற்றிய ஐ.எஸ். 3043 நடைமுறை விதியின்படி கம்பி இழுக்கப்பட்டது. அதே நாளில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் எலெக்ட்ரீஷியன் பொருத்தினார்.

அதன்பின் யு.எஸ்.பி. உறைக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட இல்லாமல் போனது, கூச்சமும் நின்றது. வானொலி இரைச்சல் மட்டும் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பென் டிரைவைத் தொட்டபடி செருகும்போது தானாக நிற்பதும் அரிதாக இருந்தாலும் தொடர்ந்தது. இதற்கு விளக்கம் உண்டு. இரும்புக் கேபினெட்டில் பின்தகட்டின் மெல்லிய நாக்குகள் இணைப்பிகளின் உறையைத் தொட்டபடி இருக்கும். வெளியிலிருந்து வரும் எந்த மின்துடிப்பும் மதர்போர்டுக்குள் நுழையாமல் தகடு வழியாகவே இறங்கிவிடும். மரப்பெட்டியில் அந்தத் தகடும் இல்லை, அது இறங்கும் வழியும் இல்லை. துடிப்பு முழுவதும் மதர்போர்டின் தரைப்பகுதி வழியாகப் பாய்ந்து, நீண்ட கறுப்புக் கம்பிகளைச் சுற்றிக்கொண்டுதான் எஸ்.எம்.பி.எஸ். உறையை அடைகிறது.

எனவே பெட்டி மரமாகவே இருக்கட்டும், அதனுள் மதர்போர்டுக்கு ஓர் உலோகத் தகடு வேண்டும் என்று முடிவாயிற்று.

அலுமினியத் தகடும் தொடங்க மறுத்த கணினியும்

சன்னல் சட்டம் செய்யும் பட்டறையில் 2 மி.மீ. அலுமினியத் தகடு மீதியாகக் கிடந்தது. இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, மரம் அறுக்கும் வாளாலேயே பொறுமையாக வெட்டலாம், தடிமனும் வளையாமல் நிற்கப் போதுமானது. இந்தக் காரணங்களுக்காக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அடுத்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்த இடைவெளியில் தச்சரும் மாணவியுமாக வேலையை முடித்துவிட்டார்கள்.

தகட்டில் துளைகள் எங்கெங்கே வர வேண்டும் என்பதற்குத் தச்சர் பழைய கேபினெட்டின் துருப்பிடித்த உள்தகட்டையே அச்சாக வைத்தார். தொழில்முறையில் பார்த்தால் அது இயல்பான முடிவு. ஆனால் அந்தக் கேபினெட் 305க்கு 244 மி.மீ. அளவுள்ள முழு ஏ.டி.எக்ஸ். போர்டுக்கும், 244 மி.மீ. சதுரத்தை மேல் வரம்பாகக் கொண்ட மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. அதில் எல்லாப் போர்டுகளுக்குமான இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. இங்கே இருந்ததோ சிக்கன விலையில் செய்யப்பட்ட, சதுரத்தைவிட ஒடுங்கிய, ஆறே துளைகள் கொண்ட போர்டு. தச்சர் தம் வேலையில் குறை இருக்கக் கூடாது என்று எல்லா இடங்களிலும் துளையிட்டு, எல்லாவற்றிலும், போர்டைத் தகட்டுக்கு மேலே உயர்த்தித் தாங்கும் சிறு பித்தளைத் தூணான ஸ்டாண்டாஃபைத் திருகி நிறுத்தினார்.

பொத்தானை அழுத்தியதும் விசிறி ஒரு சிறு அசைவு அசைந்து நின்றது. மீண்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்து மறுபடி செருகினால் அதே சிறு அசைவு. மதர்போர்டு எரிந்துபோனதாக நினைத்து மாணவி மிகவும் கலங்கியிருந்தார்.

விசிறி ஒரு கணம் அசைந்து நிற்பது பெரும்பாலும் நல்ல செய்தி. எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதை எஸ்.எம்.பி.எஸ். கண்டுபிடித்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். மதர்போர்டைக் கழற்றி, உலர்ந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், அதன் விசிறி, ஒரு ரேம் ஆகியவற்றோடு மட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை இணைத்து, பவர் பொத்தானுக்கான இரண்டு ஊசிகளை ஒரு கணம் தொடுத்தபோது கணினி உடனே தொடங்கியது. குறை போர்டில் இல்லை, பொருத்திய விதத்தில்தான் என்பது இந்த ஒரு சோதனையிலேயே உறுதியாயிற்று. கேபினெட்டில் ஏற்றுவதற்கு முன் இப்படி வெளியே வைத்துத் தொடங்கிப் பார்ப்பதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்பேன். பின்னர் குறை வந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது.

போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தபோது, விரிவாக்க அட்டைச் செருகியின் கீழ் வரிசையாக நிற்கும் பற்றவைப்பு முனைகளில் சிலவற்றின் மேல் புதிய கீறல் மின்னியது. போர்டில் துளையே இல்லாத ஓர் இடத்தில் நின்ற ஸ்டாண்டாஃபின் தலை அங்கே அழுந்தியிருந்தது. அந்தச் செருகிக்கு 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் வருகின்றன. தகடு எர்த்தோடு இணைந்திருக்கிறது. நடந்தது என்ன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மரப்பலகையில் பொருத்தியிருந்த காலத்தில் இதே தவறு நடந்திருந்தாலும் எதுவும் ஆகியிருக்காது என்பது கவனிக்கத் தக்கது. பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த உலோகம், அளவு தவறினால் பொறுக்காது.

மீண்டும் அளந்து பொருத்தியது

தகட்டில் துளையில்லாத பகுதியில் புதிதாகத் தொடங்க இடம் இருந்தது. இம்முறை பழைய தகட்டை ஒதுக்கிவிட்டு மதர்போர்டையே அச்சாகக் கொண்டோம். ப்ராசஸர் விசிறியைக் கழற்றிவிட்டு, தடித்த காகிதத்தின் மேல் போர்டை வைத்து, ஆறு துளைகளின் உள்விளிம்பையும் கூர்மையான பென்சிலால் சுற்றி வரைந்தோம். காகிதத்தைத் தகட்டில் ஒட்டி, வட்டங்களின் மையத்தில் ஆணிக்குத்து அடித்துத் துளையிட்டோம். முதலில் மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டு துளைகள் மட்டும். அவற்றில் ஸ்டாண்டாஃப் நிறுத்தி, போர்டை வைத்து, மற்ற நான்கும் குறியோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே மீதியைத் துளையிட்டோம்.

எந்தத் திருகு என்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கடைக் கேபினெட்டுகளில் பெரும்பாலும் அங்குல அளவில் 6-32 எனப்படும் திருகு இருக்கும். அதன் விட்டம் சுமார் 3.5 மி.மீ. மதர்போர்டின் துளை 3.96 மி.மீ. அப்படியானால் துளையிடுவதில் கால் மில்லிமீட்டருக்குக் குறைவான பிசகைத்தான் பொறுக்கும். எம்3 திருகின் விட்டம் 3 மி.மீ. என்பதால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடம் விடுகிறது. கைத் துளைப்பானால் வேலை செய்பவருக்கு இது பெரிய வேறுபாடு. எம்3 ஸ்டாண்டாஃபையே எடுத்தோம். அதன் கீழ்த்திருகு நுழைய 3.2 மி.மீ. துளை இட்டு, தகட்டின் அடியில் பல்வைத்த வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினோம். அலுமினியத்தின் மேல் எப்போதும் கடத்தாத ஆக்ஸைடு படலம் இருப்பதால், அதைக் கீறிக்கொண்டு உள்ளே பிடிக்கும் பல் வாஷர் இங்கே அவசியமாகிறது.

உயரத்தைப் பொறுத்தவரை, ஏ.டி.எக்ஸ். அமைப்பு போர்டின் அடியில் குறைந்தது 6.35 மி.மீ. இடைவெளி கேட்கிறது. கடையில் 6, 8, 10 மி.மீ. அளவுகள் கிடைத்தன. ஆறு அந்த வரம்புக்குக் கீழே, எட்டு போதுமானது. ஆனாலும் ப்ராசஸர் விசிறியின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருப்பதையும், எதிர்காலத்தில் விரிவாக்க அட்டை எதுவும் செருகப்போவதில்லை என்பதையும் கருதி 10 மி.மீ. எடுத்தோம். அட்டை செருகும் எண்ணம் இருந்தால் இப்படி உயரத்தை மாற்றக் கூடாது. அட்டையின் உலோகப் பட்டை பின்பக்கத் திறப்போடு பொருந்தாமல் போய்விடும்.

ஒடுங்கிய போர்டு என்பதால் இன்னொரு குறையும் இருந்தது. ரேமும் 24 ஊசி மின்னிணைப்பியும் உள்ள வலது ஓரத்தின் அடியில் தாங்க எந்த ஸ்டாண்டாஃபும் இல்லை. ரேமை அழுத்திச் செருகும்போது அந்த ஓரம் கண்ணுக்குத் தெரியும்படி கீழே வளைந்தது. போர்டு வளைந்தால் பற்றவைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அது உடனே காட்டாது, மாதங்கள் கழித்துத்தான் இடைவிட்ட கோளாறாக வெளிப்படும். கடைக் கேபினெட்டுகளிலும் இந்தக் குறை உண்டு என்றாலும், நாமே செய்யும்போது திருத்திக்கொள்ளத் தடையில்லை. பற்றவைப்பு முனைகள் இல்லாத இடமாகப் பார்த்து, 10 மி.மீ. உயரமுள்ள ரப்பர்க் கட்டைகளைத் தகட்டில் ஒட்டினோம். போர்டை ஏற்றுவதற்கு முன்பே ரேமையும் விசிறியையும் மேசையில் வைத்துப் பொருத்திவிட்டோம். துளையிட்டபோது விழுந்த அலுமினியத் துகள்களைத் தூரிகையாலும் ஈரத்துணியாலும் முழுவதுமாக அகற்றிய பிறகே போர்டு தகட்டின்மேல் வந்தது.

கடைசியாக, எஸ்.எம்.பி.எஸ். உறையின் திருகு ஒன்றிலிருந்து அலுமினியத் தகட்டுக்கு 1.5 சதுர மி.மீ. பச்சை மஞ்சள் கம்பியை வளைய முனையோடு இணைத்தோம். எஸ்.எம்.பி.எஸ். மரத்தில் திருகப்பட்டிருக்கிறது, தகடும் மரத்தில் திருகப்பட்டிருக்கிறது. இந்தக் கம்பி இல்லாவிட்டால் இரண்டுக்கும் இடையே மதர்போர்டைத் தவிர வேறு இணைப்பே கிடையாது.

பின்தகடும் காற்றும்

பின்தகட்டுக்கான திறப்பு 158.75 மி.மீ. நீளமும் 44.45 மி.மீ. உயரமும் இருக்க வேண்டும். அது 12 மி.மீ. பிளைவுட்டில் நிற்காது, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய தகட்டில் சொடுக்கி உட்காரும்படியே அது செய்யப்பட்டிருக்கிறது. எனவே பிளைவுட்டில் பெரிய திறப்பு வெட்டி, அதன் உட்பக்கத்தில் மெல்லிய அலுமினியத் தகடு வைத்து, அதில் சரியான அளவுத் திறப்பை அரத்தால் தேய்த்து எடுத்தோம். ஸ்டாண்டாஃபின் உயரம் முடிவான பிறகே இந்தத் திறப்பின் இடத்தைக் குறித்தோம். பின்தகட்டைப் பொருத்தி, அந்த மெல்லிய தகட்டையும் பெரிய தகட்டோடு இணைத்தபின், பென் டிரைவைத் தொட்டுச் செருகும்போது கணினி நிற்பது ஒழிந்தது. பெட்டியின் உட்சுவர்களிலும் மீதித் தகட்டைப் பரப்பி இணைத்ததில் வானொலி இரைச்சலும், வானொலியைக் கணினிக்கு அருகிலேயே வைத்தால் தவிர, கேட்காத அளவுக்குக் குறைந்தது.

வெப்பம் எதிர்பார்த்ததைவிடத் தொல்லை கொடுத்தது. மூடியைத் திறந்து வைத்திருந்தவரை சரியாக இருந்த ப்ராசஸர், மூடியபின் வேலை கூடும்போது 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மரம் வெப்பம் கடத்தாததால் இப்படி என்று தச்சர் வருந்தினார். உண்மையில் இரும்புக் கேபினெட்டிலும் சுவர் வழியே போகும் வெப்பம் சிறிதுதான், பெரும்பகுதியைக் காற்றே கொண்டுபோகிறது. பெட்டிக்குள் காற்று நுழையப் போதிய வழி இல்லாததுதான் காரணம். முன்பக்கத்தின் கீழே நீண்ட திறப்பு வெட்டி நைலான் வலை அடித்து, பின்பக்கத்தின் மேலே 120 மி.மீ. விசிறி ஒன்றை வெளியேற்றும் திசையில் வைத்ததும் நிலைமை சீரானது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பெட்டியின் அடியில் தனித் திறப்பு விட்டு, பெட்டியை நான்கு ரப்பர்க் கால்களில் நிறுத்தினோம். சுற்றிலும் மரம் இருப்பதால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒட்டி எங்கும் பலகை தொடாதபடி இடைவெளி விடப்பட்டது.

மழைக்காலத்துக்குப் பிறகு

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பிளைவுட்டில் உப்பலோ அடுக்குப் பிரிவோ இல்லை. மதர்போர்டு சுத்தமாக இருந்தது. ஆனால் பித்தளை ஸ்டாண்டாஃபுகளைச் சுற்றித் தகட்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. முன்பக்கத் திறப்புக்கு அருகில் இருந்தவற்றில் அது அதிகம். பித்தளையும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால், அவற்றுக்கிடையே மின்வேதி வினை நடந்து அலுமினியம் அரிக்கப்படும். இரும்பு துருப்பிடிக்கிறது என்பதற்காக அலுமினியத்துக்கு வந்த இடத்தில், வேறொரு வகையில் அதே உப்புக்காற்று வேலை செய்திருக்கிறது.

ஸ்டாண்டாஃபுக்கும் தகட்டுக்கும் இடையே மின்தடையை அளந்தபோது சில இடங்களில் தொடர்பு நிலையற்று ஆடியது. கணினியில் எந்தக் குறையும் வெளிப்படாததற்கு, ஆறில் மற்றவை நன்றாக இருந்ததும், பச்சை மஞ்சள் கம்பியும் பின்தகடும் தனி வழிகளாக இருந்ததும்தான் காரணம். பொடியைச் சுரண்டித் துடைத்து, பித்தளையை எடுத்துவிட்டு, நிக்கல் பூச்சுள்ள ஸ்டாண்டாஃபுகளையும் எவர்சில்வர் நட்டு வாஷர்களையும் போட்டோம். இணைப்புகளின் வெளிப்புறத்தில் மெல்லியதாக வாசலின் தடவப்பட்டது. எர்த் இணைப்பைப் பொறுத்தவரை இந்த வகைத் தொடர்புகளை மட்டுமே நம்பியிருந்தால், அடுத்த ஓரிரு மழைக்காலத்துக்குள் பழைய நிலைக்கே திரும்பியிருப்போம் என்பது என் கணிப்பு.

மறுமுறை செய்வதானால்

ஆசிரியர் இப்போது இரண்டாவது கணினி ஒன்றுக்கும் இதேபோல் பெட்டி கேட்டிருக்கிறார். அதில் சிலவற்றை மாற்றவிருக்கிறோம். பெட்டி வேலை தொடங்குமுன் அறையின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்பதை அளந்துகொள்வோம். இம்முறை நடந்த மற்ற எதையும்விட இது முந்தி வந்திருக்க வேண்டியது. மதர்போர்டுக்கான தகட்டை 1 மி.மீ. துத்தநாகப் பூச்சு இரும்பில் செய்து, வெட்டும் துளையும் எல்லாம் முடிந்தபின் விளிம்புகளுக்கு மட்டும் துத்தநாகப் பெயின்ட் அடிப்பதா, அல்லது அலுமினியத்தையே தொடர்வதா என்பதில் எனக்கும் தச்சருக்கும் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. பற்றவைப்பும் எர்த் தொடர்பும் இரும்பில் எளிது என்பது என் பக்கம். விளிம்பிலிருந்து தொடங்கும் துருவை அந்த ஊரில் நிறுத்த முடியாது என்பது அவர் பக்கம், பழைய கேபினெட்டின் கதியை அவர் சான்றாகக் காட்டுகிறார்.

காற்று நுழையும் திறப்பைக் கடல் இருக்கும் கிழக்குப் பக்கம் பார்க்காமல் அறையின் உட்பக்கம் பார்த்து வைப்பதில் இருவருக்கும் உடன்பாடு உண்டு. வெள்ளைப் பொடி எங்கே அதிகமாக இருந்தது என்பதே அதற்கு ஆதாரம். ஸ்டாண்டாஃபின் எண்ணிக்கை போர்டின் துளைகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, பெட்டியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பதை மாணவி தம் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார். முதல் பெட்டியில் அந்த எண் ஆறு. இரண்டாவது போர்டைத் தச்சர் காகிதத்தில் வரைந்து எடுத்துப் போயிருக்கிறார். அதில் எட்டுத் துளைகள்.